முதல் வில் வாங்கும்போது பவுண்டைப் பார்த்து மயங்காதீர்கள்

கடையில் வில்லை எடுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நாணைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பார்ப்பார்கள். முழுக்க இழுக்க 40 பவுண்டு விசை கேட்கும் வில் வளைந்து கொடுத்துவிட்டால் அதையே வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். மூன்றாவது வாரத்தில் வலது தோளில் வலி பிடித்தது. தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை.

40 பவுண்டு என்றால் ஏறக்குறைய 18 கிலோ. ஒருமுறை இழுப்பது பெரிய காரியமில்லை. இழுத்த நாணைத் தாடையோடு சேர்த்து, குறி நிலைக்கும்வரை தாங்கிப் பிடித்து, அதையே ஒரு மாலையில் நூறுமுறை செய்ய வேண்டும். கூட்டிப் பாருங்கள், 1,800 கிலோ. உடம்பு தாங்காதபோது தோள் மேலே ஏறும், குறி வருவதற்கு முன்பே விரல்கள் நாணை விட்டுவிடும். வலி போய்விடும், இந்தப் பழக்கம் லேசில் போகாது. அதைத் திருத்த எனக்கு ஆறு மாதம் ஆனது. பெரியவர்கள் தொடங்க 18 முதல் 24 பவுண்டு போதும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 10 முதல் 14. பொழுதுபோக்காக 18 மீட்டரில் எய்வதற்கு 20 பவுண்டே தாராளம். ஒலிம்பிக் வீரர்கள் 70 மீட்டரிலிருந்து எய்கிறார்கள். பவுண்டு கூடிய வில் அவர்களுக்குத்தான் வேண்டும்.

கடையில் சோதிக்க வேண்டுமானால் முழுக்க இழுத்துப் பிடித்துப் பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். கை நடுங்கினால் அந்த வில் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. பிறகு நாணை மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். அம்பு இல்லாமல் விட்டுவிடாதீர்கள். அம்பு சுமந்து போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி, வில்லின் வளையும் கையான லிம்ப் பிளந்துபோகும்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு, நாணை 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் தோராயமாகக் கிடைக்கும். 65 அங்குலம் என்றால் 26. அப்படியானால் எழுதியிருப்பதைவிடச் சில பவுண்டு குறைவாகத்தான் உங்கள் விரல்களில் நிற்கும். கை நீண்டவர்களுக்குக் கணக்கு மேலே ஏறும்.

பணம் குறைவு என்பதால் பிளாஸ்டிக் பொம்மைத்தனமான வில்லுக்குப் போக வேண்டாம். அதைவிட, நடுப்பிடியான ரைசரையும் லிம்பையும் தனித்தனியே கழற்றி மாட்டும், நுனி முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லே சிக்கனம். பலம் கூடியதும் லிம்பை மட்டும் மாற்றினால் போதும். பழைய வில்லும் வாங்கலாம். நாண் பூட்டிய நிலையில் பின்னாலிருந்து பாருங்கள். நாண் இரண்டு லிம்புக்கும் நடுவே நேராக ஓட வேண்டும். முறுக்கலோ, மயிரிழை விரிசலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். கப்பிகள் வைத்த பழைய காம்பவுண்ட் வில்லில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் இழுப்பு நீளம் அதை வைத்திருந்தவருக்கு அமைத்தது. உங்கள் அளவுக்கு மாற்ற முடியுமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வலக்கைக்காரர் என்பதால் வலக்கை வில் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். கைகளை நீட்டி விரல்களால் ஒரு சின்ன ஓட்டை அமைத்து, அதற்குள் தூரத்துப் பொருள் ஒன்றைப் பாருங்கள். கண்களை மாறி மாறி மூடும்போது எந்தக் கண்ணுக்கு அது ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, குறி வைப்பது அந்தக் கண்தான்; வில்லும் அந்தப் பக்கத்துக்குரியதாகவே இருக்கட்டும்.

இனி அம்பு. வில்லுக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஏதோ ஆறு அம்பு வாங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நாணை விட்டதும் அம்பு மீன்போல நெளிந்துதான் வில்லைச் சுற்றிக் கடக்கிறது. அது எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்ணுக்கு ஸ்பைன் என்று பெயர். எண் கூடக் கூட வளைவும் கூடும். பவுண்டு குறைந்த வில்லில் விறைப்பான அம்பைப் பூட்டினால், வலக்கைக்காரரின் அம்பு இடப்பக்கமே போய்க் குத்தும். அவரோ தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். நீளமும் முக்கியம். தொடங்குபவரின் அம்பு, அவர் இழுப்பு நீளத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். குட்டையான அம்பு, முழுக்க இழுக்கும்போது வில்லில் அது சாய்ந்திருக்கும் தாங்கியிலிருந்து விழுந்து வில் பிடித்த கையையே குத்திவிடும். கார்பன் அம்பானால், எய்வதற்கு முன் லேசாக வளைத்து, சடசடப்பு கேட்கிறதா, கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட அம்பு எய்யும் நொடியில் சிதறி உள்ளங்கைக்குள் சிம்பாக ஏறும். கைக்காப்புக்கும் விரலைக் காக்கும் தோல்பட்டைக்கும் நாண் பூட்டும் கயிற்றுக்கும் தொடக்கத்திலேயே காசு ஒதுக்கிவிடுங்கள். குறிகாட்டி, வில்லின் ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசர் எல்லாம் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

துப்பாக்கிபோல விசையை அழுத்தி எய்யும் குறுக்கு வில் சுலபம் என்று சிலர் அந்தப் பக்கம் போகிறார்கள். 150 பவுண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து, 25 பவுண்டு சாதாரண வில்லைப்போல ஆறு மடங்கு வேகம் என்று எண்ண வேண்டாம். அதன் நாண் நகரும் தூரம் குறைவு; அதனால்தான் அவ்வளவு பவுண்டு தேவைப்படுகிறது. விசையை அழுத்தும்போது கட்டைவிரல், அம்பு ஓடும் தண்டவாளத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால் நாண் அதைச் சீவிவிடும். பல மாடல்களில் நாணேற்றிய பின் கையால் இறக்க முடியாது, பாதுகாப்பான இடத்தில் எய்துதான் தீர்க்க வேண்டும். அம்பின் வால் வடிவம் அந்த மாடலுக்குச் சொன்னதாகவே இருக்கட்டும். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள் வாங்க முடியாது; கனடாவில் 500 மில்லிமீட்டருக்கு மேற்படாத குறுக்கு வில் தடைசெய்யப்பட்டது. என் கருத்தில், இது முதல் கருவியாக வேண்டாம்.

எய்யும் இடத்தை வில் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். மொட்டைமாடி கூடாது. 25 பவுண்டு வில்லின் அம்பே தவறிப் போனால் நூறு மீட்டரைத் தாண்டும். இலக்குக்குப் பின்னால் மண்மேடாவது, ஆள் வராத வெளியாவது வேண்டும். பயிற்சி முடிந்ததும், ரிகர்வானால் நாணைக் கழற்றி, வில்லை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால், லிம்பின் அடுக்குகளை ஒட்டிய பசை இளகிப் பிரிந்துவிடும்.