பட்டனுக்கு உயரம் எழுதாதீர்கள்: மொபைல் டிசைன் சிஸ்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேரும் டிசைனர்களின் ஃபிக்மா (திரைகளை வரையும் மென்பொருள்) ஃபைல்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் இப்போது என் வேலையில் சேர்ந்துவிட்டது. திறமைக்குக் குறைவே இல்லை. லேயர்களுக்கு இவர்கள் பெயர் வைக்கும் ஒழுங்கு எங்கள் காலத்தில் எங்களுக்கு வரவில்லை. ஆனால் டிசைன் சிஸ்டம், அதாவது எல்லாத் திரைகளுக்கும் பொதுவான நிறங்கள், பட்டன்கள், விதிகளின் தொகுப்பு, என்று வந்துவிட்டால், நாங்கள் அன்றைக்கு விழுந்த அதே குழிகளில்தான் வரிசையாக விழுகிறார்கள்.

நிறங்களைக் குறைவாக வையுங்கள், இடைவெளியை 8-இன் மடங்கில் வையுங்கள், ஐகான்களை ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அவற்றைச் சொல்லித்தர ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. செயலி பயனர் கைக்குப் போன பிறகுதான் பல்லைக் காட்டும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். அதிலும் ஒன்றைப் பற்றி ரொம்ப நீளமாக எழுதப்போகிறேன். ஏன் என்று படிக்கும்போது தெரியும்.

டோக்கனுக்கு நிறத்தின் பெயர் வைப்பது

'ப்ளூ 500' என்று ஒரு டோக்கன் (நிறம், அளவு போன்ற ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயர்) உருவாக்குகிறார்கள். பட்டனின் பின்னணி, லிங்க், தேர்ந்தெடுத்த டேபின் அடிக்கோடு என எல்லா இடத்திலும் அதையே நேரடியாகக் கொடுக்கிறார்கள். கொஞ்ச காலம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் டார்க் மோட் கேட்பார்கள், அல்லது நிர்வாகத்துக்குத் திடீரென்று பச்சை பிடித்துப்போகும். 'வைட்' என்ற பெயரில் கிட்டத்தட்டக் கறுப்பு நிறம் உட்கார்ந்திருந்த ஒரு நிரலை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவரைத் திட்ட மனம் வரவில்லை. பெயரை மாற்றினால் செயலி முழுவதையும் மாற்ற வேண்டும் என்ற நிலையில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இரண்டு அடுக்கு போதும். கீழ் அடுக்கில் நிறங்கள்: ப்ளூ 500, கிரே 900. மேல் அடுக்கில் அந்த நிறம் செய்கிற வேலை: முதன்மைச் செயல், பிழைப் பின்னணி, துணை எழுத்து. கம்போனன்ட் (பட்டன், கார்டு போல மறுபடி மறுபடி பயன்படும் பாகம்) மேல் அடுக்கை மட்டுமே தொட வேண்டும். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைனில் 'பிரைமரி'க்கு ஜோடியாக 'ஆன் பிரைமரி' என்று ஒன்று இருக்கிறது. பிரைமரி நிறத்தின் மேல் வரும் எழுத்துக்கும் ஐகானுக்கும் உரிய நிறம் அது. இப்படி ஜோடியாகப் பெயர் இருந்தால் கான்ட்ராஸ்டையும் (எழுத்துக்கும் பின்னணிக்குமான வெளிச்ச வேறுபாடு) ஜோடியாகவே சோதித்துவிடலாம்: சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. 2023-இல் ஃபிக்மாவில் வேரியபிள்கள் (டோக்கன்களைப் பதிந்துவைக்கும் வசதி) வந்த பிறகு இதைச் செய்யாமலிருக்கச் சாக்கு எதுவும் கிடையாது. கம்போனன்டுக்குத் தனி டோக்கன் என்று மூன்றாவது அடுக்கும் போடலாம் என்பார்கள். நான்கு பேர் இருக்கும் டீமுக்கு அது வீண்.

திரை வருவதற்கு முன்பே லைப்ரரி

மூன்று திரைகளில் வராத எதையும் லைப்ரரியில், அதாவது கம்போனன்ட்களின் பொதுத் தொகுப்பில், சேர்க்காதீர்கள்.

உயரத்தை எண்ணாக எழுதிவைப்பது

கோபம் வருவது இங்கேதான்.

சிறு கடன்களின் தவணையை வசூலிக்கும் செயலி ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். டிசைன் முழுக்க ஆங்கிலத்தில், இன்டர் எழுத்துருவில் நடந்தது. பட்டன் உயரம் 40, எழுத்து 16, வரி உயரம் 20. பட்டியலில் ஒவ்வொரு வரிசைக்கும் உயரம் 56. எல்லாம் நிலையான எண்கள். ஃபிக்மாவில் பார்க்க அவ்வளவு அழகு. செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்களோ சிறு ஊர்களில் இருக்கும் வசூல் ஊழியர்களும் கடன் வாங்கியவர்களும். அவர்களுக்குத் தமிழ் வேண்டும் என்பது வெளியீட்டுக்கு முந்தைய மாதம்தான் யாருக்கோ நினைவுக்கு வந்தது. வாக்கியங்கள் மொழிபெயர்ப்புக்குப் போயின, திரும்பி வந்தன, ஒட்டப்பட்டன.

முதலில் பட்டன்கள். 'புதுப்பி' என்பதில் பு, து இரண்டுக்கும் கீழ்ப்பகுதி சீவியது போல அறுந்திருந்தது. இதைக் கூட அசிங்கம் என்று விட்டுவிடலாம். பட்டியல் வரிசையில் நடந்தது அப்படியல்ல. 'நிலுவைத் தொகை, தாமதக் கட்டணம் உட்பட' என்ற வாசகம் இரண்டு வரிக்குப் போனது. வரிசையின் உயரம் அதற்குப் போதவில்லை, இரண்டாவது வரி மறைந்தது. கடன் வாங்கியவர் பார்த்தது 'நிலுவைத் தொகை' மட்டும். அவர் கணக்குப் போட்டு வைத்திருந்த தொகையும் திரையில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. வாசலில் நின்று பேச்சு வாங்கியது வசூலுக்குப் போன ஊழியர். திரையை வரைந்தவருக்கு அது தெரியவே தெரியாது.

பிறகு நடந்த வைத்தியம்தான் நோயைவிட மோசம். தமிழ் என்றால் மட்டும் எழுத்தளவு 13 என்று ஒரு டெவலப்பர் வைத்தார். வயதானவர்கள் படிக்க முடியவில்லை என்று புகார் வந்ததும், பட்டனுக்கு 'உயரம்' என்று ஒரு ப்ராப் (பயன்படுத்தும் இடத்தில் மாற்றிக்கொள்ளும் அமைப்பு) சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு திரையும் தனக்குப் பிடித்த உயரத்தைக் கொடுத்தது. ஓரிடத்தில் 44, ஓரிடத்தில் 52. அதன் பிறகு லைப்ரரியில் பட்டனை மாற்றினாலும் அந்த மாற்றம் எந்தத் திரைக்கும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. சிஸ்டம் என்று ஒன்று கட்டியதன் மொத்தப் பயனும் அங்கேயே போயிற்று.

அதோடும் முடியவில்லை. ஆண்ட்ராய்டில் தமிழுக்கு நெடுங்காலம் இரண்டு எழுத்துருக்கள் இருந்தன. ஒன்று, ஆங்கிலத்துக்குப் போட்ட வரி உயரத்தில் அடங்கும்படி நசுக்கப்பட்டது. மற்றது, மேலும் கீழும் தன் இயல்பான அளவில் நிற்பது. எழுத்தைக் காட்டும் பாகமான டெக்ஸ்ட்வியூவில் எது வேண்டும் என்பதை 'எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்' என்ற அமைப்பு தீர்மானித்தது. யாரும் அதைத் தொடாததால் நசுக்கிய எழுத்துதான் பெரும்பாலும் வந்துகொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது டெவலப்பர்கள் குறிக்கும் எண்ணில் ஏபிஐ 35-ஐ, இலக்காக வைக்கும் செயலிகளில் இயல்பான உயரமே தானாக வரும். 16-ஐ இலக்காக வைத்தால் அந்த அமைப்பை எழுதினாலும் பொருட்படுத்தப்படாது. இதனால் பாதிக்கப்படும் எழுத்துகள் என்று கூகுள் தரும் பட்டியலில் தமிழும் இருக்கிறது. மலையாளம், தெலுங்கு, கன்னடம், தாய் எல்லாம் கூடவே. தள்ளிப்போடவும் வழியில்லை. பழைய ஏபிஐயை இலக்காக வைத்த அப்டேட்டுகளை பிளே ஸ்டோர் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்பதில்லை. அந்தச் செயலியில் இலக்கை உயர்த்தியதும், திரை திரையாக ஒட்டுப்போட்டு வைத்திருந்த உயரங்கள் அத்தனையும் மறுபடி பொய்த்தன.

ஒவ்வொரு முறையும் மீட்டிங்கில் ஒரே பேச்சு: தமிழ் ஃபான்டில்தான் பிரச்சினை, வேறு ஃபான்ட் போட்டுப் பார்க்கலாமா? எழுத்துரு என்ன பாவம் செய்தது? கூ-வுக்குக் கீழே இடம் வேண்டும், கீ-க்கு மேலே இடம் வேண்டும். இந்த எழுத்துகள் நேற்று முளைத்தவை அல்ல. மெட்டீரியல் டிசைனின் தொடக்ககால வழிகாட்டிகளே எழுத்து முறைகளை ஆங்கிலம் போன்றவை, அடர்த்தியானவை, உயரமானவை என்று மூன்றாகப் பிரித்து, தெற்காசிய மொழிகளை உயரமானவற்றில் வைத்து, வரி உயரத்தைக் கூட்டச் சொன்னன. கூகுளின் செயலி உருவாக்கும் கருவியான ஃப்ளட்டரில் அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. நம் ஊரில் உட்கார்ந்து நம் ஊர்க்காரர்களுக்குச் செயலி செய்பவர்கள் இதைப் படிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

தீர்வு சாதாரணமானது. உயரம் எழுதாதீர்கள், குறைந்தபட்ச உயரமும் பேடிங்கும் (எழுத்தைச் சுற்றிய உள் இடைவெளி) எழுதுங்கள். 16 அளவு எழுத்துக்கு வரி உயரம் 24, மேலே 12, கீழே 12, குறைந்தபட்ச உயரம் 48. கூட்டினால் அதே 48-தான் வரும், டிசைனருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் வாசகம் இரண்டு வரியானாலும், பயனர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் பட்டன் கூடவே வளரும். ஃபிக்மாவில் இதற்கு ஆட்டோ லேஅவுட்டில் உயரத்தை 'ஃபிக்ஸ்டு' என்பதிலிருந்து உள்ளே இருப்பதற்கேற்ப வளரும் 'ஹக்'குக்கு மாற்றினால் போதும். தமிழுக்கு வரி உயரத்தில் 1.5 மடங்குக்குக் கீழே நான் இறங்குவதில்லை. தலைப்புகளில் 1.35 வரை போகலாம், அதற்கு மேல் இறுக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டும்.

மாதிரி வாசகத்தையும் மாற்றுங்கள். 'பட்டன்' என்று எழுதிய பட்டனை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு கம்போனன்டின் பக்கத்திலும் மூன்று மாதிரிகள் கட்டாயம் இருக்கட்டும்: ஒரு குட்டி ஆங்கிலச் சொல், இரண்டு வரிக்குப் போகும் தமிழ் வாசகம், மேலேறும் எழுத்தும் கீழிறங்கும் எழுத்தும் ஒன்றாக வரும் ஒரு வரி. அகலத்துக்கும் இதுவே கதி. 360 அகலத் திரையில் கீழே ஐந்து டேப் வைத்தால் ஒன்றுக்கு 72 கிடைக்கும். அதில் 'அமைப்புகள்' என்று எழுதிப் பாருங்கள், நான்கு டேப் போதும் என்று நீங்களே சொல்வீர்கள்.

தானியங்கிச் சோதனை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஆண்ட்ராய்டின் போலி மொழி அமைப்பு ஆங்கில வாசகத்தை நீட்டிக் காட்டும். அகலக் குறை அதில் தெரிந்துவிடும், ஆனால் து-வின் கால் அறுவது தெரியாது. ஃப்ளட்டரின் கோல்டன் டெஸ்டில் (திரையை முன்பு எடுத்துவைத்த படத்தோடு ஒப்பிடும் சோதனை), எழுத்துருவை நீங்களே ஏற்றாவிட்டால், எல்லா எழுத்தும் வெறும் கட்டங்களாகத்தான் வரும். கட்டத்துக்குக் காலும் கிடையாது, தலையும் கிடையாது. டெஸ்ட் பச்சை காட்டிக்கொண்டே இருக்கும்.

எழுத்தளவையும் ஏற்றிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் 200% வரை போகலாம். அது நேர்விகிதமாகவும் வளராது. சின்ன எழுத்து அதிகமாக வளரும், ஏற்கெனவே பெரிதாக இருப்பது குறைவாக வளரும். அதனால் காகிதத்தில் இரண்டால் பெருக்கிப் பார்ப்பது உதவாது. போனில் பாருங்கள். முடிந்தால் பழைய, விலை குறைந்த போனில்.

படத்துக்குப் பதில் முதல் எழுத்து

ப்ரொஃபைல் படம் இல்லாதவருக்கு வட்டத்தில் பெயரின் முதல் எழுத்தைக் காட்டும் கம்போனன்ட் எல்லா லைப்ரரியிலும் இருக்கும். மீனாவுக்கு 'ம' வரும், குமாருக்கு 'க' வரும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் மீ என்பது ம-வும் ஈகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள், நிரல் முதலாவதை மட்டும் எடுத்துவிடுகிறது. ஆப்பிள் செயலிகளை எழுதும் ஸ்விஃப்ட் மொழியில் இந்தத் தொல்லை இல்லை, அதன் 'கேரக்டர்' முழு எழுத்தையே எடுக்கும். ஃப்ளட்டரின் டார்ட் மொழியில் 'கேரக்டர்ஸ்' பேக்கேஜ், ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டில் செக்மென்டர்' இருக்கின்றன. கம்போனன்டுக்குள் ஒரே முறை சரிசெய்தால் போதும். டிசைன் சிஸ்டம் வைத்திருப்பதே இதற்குத்தானே.

ஆமாம்-இல்லை ப்ராப்களை அடுக்குவது

லோடிங்கா, ஆபத்தானதா, ஐகான் உண்டா, முழு அகலமா, வெறும் கோட்டுருவா: ஐந்து ஆமாம்-இல்லை கேள்விகள் சேர்ந்தால் 32 வடிவங்கள். அதில் பாதியை யாரும் வரைந்ததே இல்லை, ஆனால் நிரல் எல்லாவற்றையும் அனுமதிக்கும். ஒரே நேரத்தில் இருக்க முடியாதவற்றை 'வகை' என்ற ஒரே ப்ராப்பில் வையுங்கள். ஐகானுக்கு ஓர் இடத்தைத் திறந்து விடுங்கள், உள்ளே எது வரும் என்பதைத் திரை பார்த்துக்கொள்ளட்டும்.

24 ஐகானுக்கு 24 தொடுபரப்பு

தொடுபரப்பு ஆண்ட்ராய்டில் குறைந்தது 48, ஆப்பிளில் 44. ஐகான் சின்னதாக இருக்கலாம், விரல் சின்னதாகாது.

பதிப்பு எண் இல்லாமல் மாற்றுவது

கார்டின் பேடிங்கை 12-இலிருந்து 16 ஆக்குவது டிசைனருக்கு ஒரு நிமிட வேலை. லைப்ரரியை வெளியிட்ட மறுநாள், வேறொரு டீமின் செக்அவுட் திரையில் 'பணம் செலுத்து' பட்டன் திரையில் தெரியும் பகுதிக்குக் கீழே போய்விட்டிருக்கும். தோற்றத்தைத் தொடும் எந்த மாற்றத்தையும் சின்ன பிழைத்திருத்தம் என்று வெளியிடாதீர்கள்; பதிப்பு எண்ணின் நடு எண் (1.4.2 என்றால் 4) ஏறட்டும், என்ன மாறியது என்று முன்பின் படத்தோடு ஒரு வரி எழுதுங்கள். டோக்கனையோ ப்ராப்பையோ நீக்குவதாக இருந்தால் முதல் எண் ஏற வேண்டும். நீக்குவதற்கு முந்தைய வெளியீட்டில் பழைய பெயர் புதியதைச் சுட்டியபடி எச்சரிக்கையோடு உயிரோடு இருக்கட்டும். ஃபிக்மா லைப்ரரியும் நிரல் பேக்கேஜும் ஒரே எண்ணைத் தாங்கட்டும். இல்லாவிட்டால் "என் ஃபைலில் சரியாகத்தானே இருக்கிறது" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.