இங்கிலாந்தில் கணப்பு அடுப்பு: விறகும் கரியும் எரிக்கும் ஸ்டவ்வை வாங்கும் முன்

நமக்கு ஸ்டவ் என்றால் சமைப்பதற்கு. இங்கிலாந்தில் கடைக்காரர் ‘ஸ்டவ்’ என்றால் பெரும்பாலும் வரவேற்பறையில் புகைபோக்கியின் கீழே நிற்கும், கண்ணாடிக் கதவு போட்ட இரும்புக் கணப்பு அடுப்பு. சமைப்பதைக் குக்கர், ஹாப் என்பார்கள். கணப்பு அடுப்பில் விறகு மட்டும் எரிப்பது ‘வுட் பர்னர்’. விறகும் புகையில்லாக் கரியும் (நிலக்கரி வகை) எரிப்பது ‘மல்டி ஃபியூவல்’. இங்கே சொல்லும் சட்டங்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

வாங்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கேஸ் பாய்லரும் ரேடியேட்டரும் ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில், காசு கொடுத்து விறகு வாங்கி எரித்துச் செலவைக் குறைக்கலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பொய்த்துப்போகும். எவ்வளவு நல்ல ஸ்டவ்வாக இருந்தாலும் கேஸ் பாய்லரைவிடப் பல மடங்கு நுண்துகளை வெளியே விடும். நுரையீரலின் ஆழம்வரை போகும் பி.எம். 2.5 துகள்கள் அவை. வீட்டில் ஆஸ்துமாக்காரர்களோ கைக்குழந்தையோ இருந்தால் தவிர்ப்பதே நல்லது. வாடகை வீட்டில் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எதையும் பொருத்த முடியாது. சொந்த ஃப்ளாட் என்றாலும் லீஸ்ஹோல்டு (நீண்டகாலக் குத்தகை) ஆக இருந்தால், கட்டடத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டரைக் கேட்க வேண்டும்.

எதை எரிக்கப் போகிறீர்கள்?

ஸ்டவ்வைத் தேர்ந்தெடுக்கும் முன் எரிபொருளைத் தேர்ந்தெடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

கரிக்குக் காற்று அடியிலிருந்து வர வேண்டும். அதனால்தான் மல்டி ஃபியூவல் ஸ்டவ்வில் உயர்த்திய இரும்புக் கம்பித் தட்டும் அதன் கீழே சாம்பல் தட்டும் இருக்கின்றன. விறகு அப்படியல்ல. அது தன் சாம்பல் படுக்கையின் மேலேயே கிடந்து, மேலிருந்து வரும் காற்றில் நன்றாக எரியும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கும்போது ஏதோ ஒன்றில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். விறகு மட்டும்தான் எரிப்பீர்கள் என்றால், ‘இருக்கட்டுமே, பின்னால் உதவும்’ என்று மல்டி ஃபியூவல் வாங்குவதைவிட வுட் பர்னரே மேல். விறகை உலர வைத்துச் சேமிக்க இடமில்லாதவர்களுக்கும், இரவு முழுதும் சீராகச் சூடு தேவைப்படுபவர்களுக்கும் கரி வசதி கைகொடுக்கும்.

கரி என்றால் எந்தக் கரி என்பதில் கவனம் தேவை. புகை கக்கும் சாதாரண வீட்டு நிலக்கரியை மூட்டையில் விற்பது 2021 மே 1 முதலும், மூட்டையில்லாமல் தளர்வாக விற்பது 2023 மே 1 முதலும் இங்கிலாந்தில் தடை. ஆந்த்ரசைட் எனும் கடினக் கரியும், அழுத்தி உருண்டையாக வார்த்த புகையில்லாக் கரியும் கிடைக்கும். பெட்ரோலியக் கோக் கலந்த கரியைப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை; அதன் சூடு கம்பித் தட்டையே வளைத்துவிடும். வாரண்டியும் போய்விடும்.

2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; மூட்டையில் ‘ரெடி டு பர்ன்’ (எரிக்கத் தயார்) முத்திரை இருக்க வேண்டும். மொத்தமாக லாரியில் வருவதற்கு இந்த வரம்பு இல்லை. உலர்த்திக் காயவைப்பது உங்கள் பொறுப்பு. ஈரம் பார்க்கும் சிறு மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் அது ஏமாற்றும். நடுவில் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் குத்திப் பாருங்கள். 40 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் 400 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதை ஆவியாக்குவதிலேயே சூடு போய்விடும். நெருப்பு குளிர்ந்து, எரியாத வாயுக்கள் புகைபோக்கிச் சுவரில் தாராகப் படியும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும்.

விறகையும் கரியையும் ஒரே நேரத்தில் சேர்த்து எரிக்காதீர்கள். விறகின் ஈரமும் கரியின் கந்தகமும் சேர்ந்தால் அமிலம். புகைபோக்கிக்குள் இறக்கியிருக்கும் லைனர் குழாயை அது அரித்துத் தின்னும். பழைய மேசை, எம்.டி.எஃப். பலகை, பெயின்ட் அடித்த மரம், பார்சல் அட்டை எதுவும் உள்ளே போகக் கூடாது. கையேடு அனுமதிக்காத எதையும் போடாதீர்கள். தேங்காய்ச் சிரட்டைக்கும் இதே சட்டம்தான்.

முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்

2022 ஜனவரி 1 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் எல்லா ஸ்டவ்களும் ‘ஈக்கோடிசைன்’ வரம்புக்குள் இருக்க வேண்டும்: கதவு மூடிய ஸ்டவ்வுக்கு நுண்துகள் ஒரு கன மீட்டர் புகைவாயுவில் 40 மில்லிகிராம், கார்பன் மோனாக்சைடு 1,500 மில்லிகிராம், பருவகாலத் திறன் (எரிபொருளின் சூட்டில் அறைக்குப் பயன்படும் பங்கு) குறைந்தது 65 சதவீதம். ஆகவே புதிய ஸ்டவ்வில் ‘ஈக்கோடிசைன்’ என்று பெரிதாக எழுதியிருந்தால் அது பெருமை அல்ல, அடிப்படைத் தகுதி.

புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்பது வேறு விஷயம். 1952 டிசம்பரில் லண்டனை மூச்சுத்திணற வைத்த பெரும் புகைமூட்டத்துக்குப் பின் வந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. லண்டனின் பெரும்பகுதியும் பல பெரிய நகரங்களும் இதற்குள் வரும். உங்கள் தெரு வருகிறதா என்பதை உள்ளூர் கவுன்சிலின் தளத்தில் பாருங்கள். வந்தால் இரண்டே வழி: அங்கீகரித்த புகையில்லா எரிபொருள், அல்லது டெஃப்ரா எனும் அரசுச் சுற்றுச்சூழல் துறையின் விலக்குப் பட்டியலில் உள்ள ஸ்டவ். புகைபோக்கியில் புகை வந்தால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம். விலக்கில்லாத அடுப்புக்கு அங்கீகாரமில்லாத எரிபொருள் வாங்கினால் 1,000 பவுண்டு வரை.

புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். விலக்கு ஸ்டவ்வுக்கு மட்டும் கிடைப்பதில்லை. எந்த எரிபொருளுடன் என்றும் பட்டியலில் எழுதியிருக்கும். மல்டி ஃபியூவல் என்று விற்கும் ஸ்டவ்வுக்கு விறகுக் கட்டைக்கு விலக்கு இருக்கிறதா என்று மாடல் பெயரைக் கொண்டு தேடிப் பாருங்கள். சில மாடல்களில் மேல் காற்றுத் திறப்பு முழுதாக மூடாதபடி ஒரு சிறு தடை வைத்தால்தான் விலக்கு. அந்தத் தடை ஆணி போலத்தான் தெரியும், தொந்தரவாக இருக்கிறதென்று கழற்றிவிட்டால் விலக்கும் கழன்றுவிடும். தொழில்நுட்பத் தாளில் ‘முதன்மை எரிபொருள்’ எது, ‘மற்ற ஏற்ற எரிபொருள்’ எது என்று தனித்தனியாக இருக்கும். புகை அளவுகள் எந்த எரிபொருளுக்கானவை என்று பாருங்கள். விறகில் நல்ல எண் காட்டும் ஸ்டவ் கரியிலும் அப்படியே இருக்க வேண்டியதில்லை.

ஸ்டவ்களுக்கான ‘கிளியர்ஸ்கைஸ்’ என்ற தரவரிசையில் எண் கூடக்கூடப் புகை குறைவு.

பழைய ஸ்டவ்வை இரண்டாம் கையாக வாங்குவது ஆசைகாட்டும். ஆனால் விலக்குப் பட்டியலில் மாடல் இல்லாமல் போகலாம், தயாரிப்புத் தகடும் கையேடும் தொலைந்திருக்கலாம், அப்படியானால் பல பொருத்துநர்கள் தொட மாட்டார்கள். வேண்டாம்.

பெரியது வேண்டாம்

குளிருக்குப் பயந்து 8 கிலோவாட் வாங்குகிறவர்களே அதிகம் புகை விடுகிறார்கள். அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுங்கள். அது தோராயமான கிலோவாட். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்றால் 48 கன மீட்டர்; வகுத்தால் 3.4. நன்றாகக் காப்பிட்ட புது வீட்டில் இதைவிடக் குறைவு போதும். இந்த அறையில் 8 கிலோவாட் ஸ்டவ் நின்றால் சூடு தாங்காமல் காற்றை அடைத்து, நெருப்பைச் சிணுங்க விடுவீர்கள். அப்போதுதான் கண்ணாடி கறுக்கும், தார் படியும், அக்கம்பக்கத்தார் கவுன்சிலுக்கு எழுதுவார்கள். சிறிய ஸ்டவ்வைச் சுறுசுறுப்பாக எரிப்பதே சுத்தம்.

காற்றுத் துளை பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பழைய, காற்றுப் புகும் வீட்டில் 5 கிலோவாட் வரை பொதுவாகத் தனித் துளை தேவையில்லை. அதற்கு மேலான ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் நிரந்தரத் திறப்பு வேண்டும். 8 கிலோவாட்டுக்கு 1,650. காற்று புகாத புது வீட்டில் முதல் கிலோவாட்டிலிருந்தே அதே கணக்கு, 5 கிலோவாட்டுக்கு 2,750. தயாரிப்பாளர் அதிகம் கேட்டால் அதுதான் கணக்கு. ஜனவரிக் குளிரிலும் இந்தத் துளையை டேப் ஒட்டி அடைக்காதீர்கள். புகை அறைக்குள் திரும்பும்.

நம் சமையலறைக்கும் இதில் பங்குண்டு. தாளிக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் ஃபேனை முழு வேகத்தில் ஓட விட்டால், அது வீட்டுக் காற்றை இழுத்து வெளியே தள்ளும். சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீட்டில், அந்த இழுப்பு புகைபோக்கிக்குள் போக வேண்டிய வாயுவையும் பின்னுக்கு இழுத்துவிடும். ஸ்டவ் உள்ள அறையில் வெளியேற்றும் ஃபேன் பொதுவாகக் கூடாது. திறந்த அமைப்பு என்றால் பொருத்துநரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஃபேனை முழு வேகத்தில் ஓட விட்டுச் சோதித்துப் பார்ப்பார்.

பொருத்தும்போது

ஹீட்டாஸ் போன்ற பதிவு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பொருத்துநர் வேலை செய்தால் அவரே கட்டட விதிச் சான்றிதழ் பதிவு செய்வார். இல்லையென்றால் வேலை தொடங்கும் முன் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தெரிவித்து ஆய்வு செய்ய வைக்க வேண்டும். அந்தத் தாளைத் தொலைத்தால் வீட்டை விற்கும்போதும் காப்பீடு கோரும்போதும் தொல்லை.

பழைய செங்கல் புகைபோக்கி பெரும்பாலும் ஸ்டவ்வுக்குப் பெரிதாக இருக்கும். வாயு மெல்ல ஏறிக் குளிர்ந்துவிடும். அதனால் உள்ளே துருப்பிடிக்கா எஃகு லைனர் இறக்குவார்கள். கரியும் எரிப்பீர்கள் என்றால் 316 தரம் வேண்டாம், 904 தரம் கேளுங்கள். கந்தக அமிலத்தைக் கூடுதலாகத் தாங்குவது அதுதான். பொருத்துநர் தரும் விலை மதிப்பீட்டில் தொகையைக் குறைக்க 316 போடுவது நடக்கிறது. தரையில் ஸ்டவ்வின் கீழுள்ள கல் மேடை எவ்வளவு கனம் என்பது ஸ்டவ்வைப் பொறுத்தது: மேடையை 100 டிகிரிக்கு மேல் சூடாக்காத மாடலுக்கு 12 மில்லிமீட்டர் கல் போதும்; மற்றவற்றுக்கு 125 மில்லிமீட்டர் கனமான கட்டுமானம். மரத்தரை வீட்டில் இந்த ஒரு வரி பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அதே அறையில் கட்டாயம். ஸ்டவ்விலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டர் தூரத்தில். கூரையில் மாட்டினால் சுவரிலிருந்து 300 மில்லிமீட்டராவது தள்ளி. சுவரில் மாட்டினால் கதவு, சன்னல்களைவிட உயரத்தில், ஆனால் கூரையிலிருந்து 150 மில்லிமீட்டராவது கீழே. வாடகை வீட்டில் ஸ்டவ் இருக்கும் அறைக்கு இந்த அலாரத்தை உரிமையாளர்தான் தர வேண்டும். கனத்த தலைவலியும் மயக்கமும் வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்து வந்து, வெளியே போனதும் தெளிந்தால் அது சளி அல்ல. சன்னல்களைத் திறந்து, வெளியேறி, 999-ஐ அழையுங்கள்.

தினசரி எரிப்பு

விறகை மேலிருந்து பற்ற வையுங்கள்: அடியில் இரண்டு கட்டை, மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, உச்சியில் பற்றவைக்கும் கட்டி (ஃபயர்லைட்டர்). தொடக்கத்தில் காற்றுத் திறப்புகள் முழுதும் திறந்திருக்கட்டும். தீ பிடித்ததும் கீழ்க் காற்றை மூடி, மேல் காற்றில் ஓட்டுங்கள். 5 கிலோவாட் ஸ்டவ்வுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உலர் விறகு போதும். ஒரே தடவையாகத் திணிக்காமல் ஒன்றிரண்டு கட்டையாகப் போடுங்கள். ‘இரவு முழுதும் தணலாகக் கிடக்கட்டும்’ என்று விறகை மூடிவைப்பதுதான் மிக அதிகப் புகை. அந்த வேலைக்குக் கரிதான்.

கரி எரிக்கும் நாட்களில் தினமும் சாம்பல் தட்டைக் காலி செய்ய வேண்டும். சாம்பல் மேலெழும்பிக் கம்பியைத் தொட்டால் அடியிலிருந்து வரும் காற்று தடைபடும், கம்பி குளிர வழியின்றி உருகி வளையும். விறகுக்கு நேர்மாறு: இரண்டு சென்டிமீட்டர் சாம்பலை விட்டுவையுங்கள்.

கதவின் ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றை ஆண்டுக்கு ஒருமுறை சோதியுங்கள்: ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் எளிதில் வரக் கூடாது. வந்தால் அங்கே காற்றுக் கசிகிறது, நெருப்பு உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. புகைபோக்கியைக் கரி எரித்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது, விறகு எரித்தால் இருமுறையாவது துடைக்க வையுங்கள். துடைப்பவரிடம் சான்றிதழ் வாங்கி வையுங்கள், காப்பீட்டுக்காரர் கேட்பார். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, மரப்பலகை மேல் படாமல் வையுங்கள். மேலே ஆறிக் கிடந்தாலும் உள்ளே கங்கு மறுநாள்வரை உயிரோடிருக்கும். ஆறிய விறகுச் சாம்பலைத் தோட்டத்தில் தூவலாம். கரிச் சாம்பலைக் குப்பைத் தொட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும்.