டிராக்டரில் கலவை மிஷினை இழுத்துப் போகும்போது

முதலில் ஹாப்பரை (ஜல்லி, மணல் கொட்டும் தொட்டி) தூக்கி, செயின் போட்டுக் கட்டுங்கள். ஒயர் ரோப்பை மட்டும் நம்பினால் குலுங்கலில் ஹாப்பரின் பிரேக் நழுவி ஹாப்பர் ரோட்டில் விழும். கொக்கியில் கம்பித் துண்டைச் செருகாமல், துளைக்குச் சரியான கொக்கிப் பின்னும் (pin) அதற்கு லாக் கிளிப்பும் போடுங்கள். அந்தப் பின் உடைந்தாலும் வண்டி பிரியாதபடி இரண்டு செயினைக் குறுக்காக மாட்டுங்கள். திரும்புமளவு தொய்வு போதும்.

மிஷின் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது, டிரம் கனம் மேலே இருக்கிறது. வேகம் 20 கிலோமீட்டரைத் தாண்டினால் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை விடுங்கள்.

வேலூரில் சத்துவாச்சாரிப் பக்கம் சர்வீஸ் ரோடே நல்லது. காட்பாடி பாலாற்றுப் பாலத்தில் காலை நெரிசலைத் தவிருங்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். இருட்டிவிட்டால் இழுக்கவே வேண்டாம். மிஷின்மேல் ஆள் உட்காரக் கூடாது, மேஸ்திரியே சொன்னாலும்.