ஜாவா வலைச் செயலியில் லாகின் சேர்க்கலாம்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஜாவாவில் வலைச் செயலி எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டில் ஒரு சின்னச் செயலி எழுதி ஓடவிட்டாயிற்று. அடுத்தது லாகின். அதைச் சொந்தமாக எழுத முயலாதீர்கள். அதற்கென்றே ஸ்பிரிங் செக்யூரிட்டி இருக்கிறது.

படி 1: ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர் செக்யூரிட்டியை டிபென்டன்சியாக (செயலி சார்ந்திருக்கும் வெளி நூலகமாக)ச் சேர்த்துச் செயலியை மறுபடி ஓடவிடுங்கள். ஒரு வரிகூட எழுதாமலே எல்லாப் பக்கமும் பூட்டிக்கொள்ளும். பயனர் பெயர் ‘யூசர்’ (ஆங்கிலச் சிறிய எழுத்தில்). கடவுச்சொல் கன்சோலில் அச்சாகும். செயலி தொடங்கும் ஒவ்வொரு முறையும் மாறும்.

படி 2: செக்யூரிட்டி ஃபில்டர் செயின் என்ற பீனை (ஸ்பிரிங் தானே உருவாக்கி நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) எழுதி, எந்தப் பக்கம் எல்லோருக்கும், எது லாகின் செய்தவருக்கு மட்டும் என்று சொல்லுங்கள். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லும். அதனால் குறிப்பிட்ட பக்கங்களுக்கான விதி மேலே, ‘மற்ற எல்லாம்’ கடைசியில். பழைய பாடங்களில் வரும் வெப் செக்யூரிட்டி கான்ஃபிகரர் அடாப்டரைத் தேடாதீர்கள். ஸ்பிரிங் செக்யூரிட்டி 6-ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். கடவுச்சொல்லை அப்படியே டேட்டாபேஸில் போடவே கூடாது. அட்டவணை ஒருநாள் வெளியே கசிந்தால், அதே கடவுச்சொல்லை வேறு இடங்களில் வைத்திருப்பவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். பிகிரிப்ட் பாஸ்வேர்ட் என்கோடரை ஒரு பீனாக வையுங்கள். பதிவு செய்யும்போது அதன் என்கோட் மெத்தட் தரும் ஹாஷை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட, திரும்ப மாற்ற முடியாத எழுத்துச் சரம்) மட்டும் சேமியுங்கள். பிகிரிப்ட் வேண்டுமென்றே மெதுவாக ஓடும். எவ்வளவு மெதுவாக என்பதைத் தீர்மானிக்கும் எண் இயல்பாக 10, அதில் ஒன்று கூட்டினால் வேலை இருமடங்காகும். திருடியவர் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பதை அந்த மெதுவே தடுக்கிறது. ஹாஷின் நீளம் 60 எழுத்து. அட்டவணையில் அதற்கான நெடுவரிசையின் (column) நீளத்தை 50 என்று வைத்தால் ஹாஷ் அதில் அடங்காது, 100 வைத்துவிடுங்கள். இன்னொன்று, பிகிரிப்ட் கடவுச்சொல்லில் 72 பைட்டுக்கு மேல் கணக்கில் கொள்ளாது. தமிழில் கடவுச்சொல் வைத்தால் இந்த அளவு சீக்கிரம் நிரம்பிவிடும்: எழுத்துகளை பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ ஒன்றே 3 பைட், ‘கு’ 6 பைட்.

படி 4: யூசர் டீட்டெயில்ஸ் சர்வீஸை இம்ப்ளிமென்ட் செய்து, பெயரைக் கொண்டு பயனரை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் கொடுங்கள். கடவுச்சொல்லை ஒப்பிடும் வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும்.

படி 5: சொந்த லாகின் பக்கம் வேண்டுமா? ஃபார்மில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளம் பயனர் பெயரில் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் ரகசியக் குறி) இருக்க வேண்டும். பக்கங்களை உருவாக்கும் தைம்லீஃபில் ‘டிஎச் ஆக்‌ஷன்’ போட்டால் தானாக வரும். அது இல்லாவிட்டால் சரியான கடவுச்சொல்லுக்கும் கதவு திறக்காது. அதற்காக சிஎஸ்ஆர்எஃப்பை அணைத்துவிடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள்.

அப்புறம் ஒரு சோதனை. ஒரே கடவுச்சொல்லோடு இரண்டு பயனர்களைப் பதிவு செய்து அட்டவணையைத் திறந்து பாருங்கள். பிகிரிப்ட் ஒவ்வொரு முறையும் ஒரு தற்செயல் சரத்தைக் கலப்பதால், இரண்டு ஹாஷும் வேறு வேறாக இருந்தால் சரி.