எட்டாத ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றும் வழி

செவர்லே சில்வராடோ மாதிரியான பழைய பிக்கப்களில், 5.3 லிட்டர் வி8 இன்ஜினின் ஆயில் அழுத்தத்தை அளக்கும் ஆயில் பிரஷர் சென்சார், இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்புச் சுவரை) ஒட்டி ஒளிந்திருக்கும், கண்ணுக்கும் தெரியாது கைக்கும் எட்டாது. ஆனால் மேனிஃபோல்டைக் கழற்றாமலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் முதலில். டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் பூஜ்யம் காட்டினால் சென்சார்தான் போயிருக்கிறது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கல் கேஜ் (அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் தனி மீட்டர்) வைத்து நிஜ அழுத்தம் இருக்கிறதா என்று சோதியுங்கள், அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேல் மூடியையும் காற்றுக் குழாயையும் எடுத்துவிட்டால் கை நுழைய இடம் கிடைக்கும். கனெக்டரின் பூட்டை விடுவித்த பிறகுதான் இழுக்க வேண்டும், வயசான பிளாஸ்டிக் சட்டென்று உடையும். அப்புறம் சென்சாரைச் சுற்றியுள்ள தூசியைக் காற்றடித்து விரட்டுங்கள், கழற்றியதும் அந்தத் துளை நேராக ஆயில் பாதைக்குத்தான் போகிறது. 27 மிமீ ஆழ சாக்கெட், நீட்டிப்பு, யுனிவர்சல் ஜாயின்ட் (சாக்கெட்டைச் சாய்த்துத் திருப்ப உதவும் மூட்டு) மூன்றும் சேர்ந்தால் சுலபம். மறைவில் இருப்பதைப் பார்க்க போன் கேமராவே போதும்.

2007க்குப் பிந்தைய பல இன்ஜின்களில் சென்சாருக்கு அடியில் குட்டி வலை ஃபில்டர் ஒன்று இருக்கும். அது அடைத்தாலும் மீட்டர் குறைவாகக் காட்டும், எனவே கையோடு அதையும் மாற்றுங்கள். புது சென்சாரைக் கையால் மரை பிடிக்கவைத்த பிறகே சாக்கெட் போடுங்கள். டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம், துணுக்கு பிய்ந்து ஆயிலுக்குள் போய்விடும்.