காய்ந்த போனில் ‘ஈரம்’

மூக்கையூரில் கடலைப் பார்த்த அறை, மலிவு வாடகை. அம்மாவும் நானும் பத்து நாளாகத் தங்கியிருந்தோம். திடீரென்று போன் சார்ஜ் ஏற மறுத்தது. சார்ஜர் துளையில் ஈரம் இருக்கிறதாம், திரையில் எச்சரிக்கை. தண்ணீர் பக்கமே போகவில்லையே!

அரிசிக்குள் புதைத்தேன், ஒரு ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்தேன். ம்ஹூம். சாயல்குடி போய்ப் புது கேபிள் வாங்கி வந்தேன், இரண்டு நாள் ஓடியது, மறுபடி அதே எச்சரிக்கை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தும் பலனில்லை. மூன்று நாள் அம்மாவின் பட்டன் போனை வைத்துத்தான் சமாளித்தோம்.

அம்மாதான் ஜன்னல் கம்பியைத் தடவி, “வெள்ளையா என்னடா இது, உப்பா?” என்றார். அந்தக் கம்பியில்தான் கேபிள் எந்நேரமும் தொங்கியது! கேபிள் முனையில் ஒரு உலோகப் பின் மட்டும் பச்சை பூத்திருந்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈர உப்பில் மின்சாரம் கசியும், அதைத்தான் போன் ‘ஈரம்’ என்றிருக்கிறது. ஸ்பிரிட்டில் உப்பு சரியாகக் கரையாது, தண்ணீர்தான் வேண்டும்.

மெக்கானிக் கடையில் பேட்டரித் தண்ணீர் (ஆசிட் அல்ல, காய்ச்சி வடித்த தண்ணீர்) வாங்கினேன். போனை அணைத்து, அந்தத் தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய பிரஷால் துளையைத் துடைத்தேன். பிறகு ஸ்பிரிட், அப்புறம் அரை நாள் காய வைத்தேன். பச்சை பூத்த கேபிளைத் தூக்கிப் போட்டேன். புதியது இப்போது ஜிப் பைக்குள்.