டென்னிஸ் டபுள்ஸ் பாக்கப் போறீங்களா, பந்தை பாக்காதீங்க

நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துல சென்னை ஓபன் நடக்கும்போது சிங்கிள்ஸ் முடிஞ்ச உடனே பாதி கூட்டம் வண்டி எடுக்க கிளம்பிடும், பொண்ணுங்க டபுள்ஸ்னா ஏதோ சைடு டிஷ் மாதிரி. நானும் அப்படித்தான் இருந்தேன், ஏன்னா மொத தடவை பாத்தப்போ படபடன்னு நாலு அடி, பாயிண்ட் முடிஞ்சு போச்சு, யாரு என்ன பண்ணாங்கன்னே புரியல.

மொதல்ல சீட். சைடுல உக்காந்தா கழுத்து வலிதான் மிச்சம். பேஸ்லைனுக்குப் (கோர்ட்டோட கடைசி கோடு, அங்க நின்னுதான் சர்வ் போடுவாங்க) பின்னாடி, கொஞ்சம் மேல உக்காருங்க. நம்ம பக்கத்து டீம் சர்வ் போடும்போது பார்ட்னர் நெட்கிட்ட குனிஞ்சு நின்னு ஒரு கைய முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோய் சிக்னல் காட்டுவாங்க, எதிர் டீமுக்குத் தெரியாது, நமக்கு பளிச்னு தெரியும். பெரும்பாலும் கை மூடியிருந்தா இங்கேயே நிக்கிறேன், விரிச்சிருந்தா குறுக்க பாயப்போறேன்னு அர்த்தம், ஆனா ஜோடிக்கு ஜோடி சிக்னலோட அர்த்தம் மாறும், ரெண்டு மூணு கேம்ல பிடிபட்டுடும்.

சர்வ் கிளம்பினதும் பந்தை விட்டுட்டு நெட்ல நிக்கிறவங்க காலைப் பாருங்க, மேட்சே அங்கதான் இருக்கு. ரிட்டர்ன் பொதுவா கிராஸ்ல, அதாவது கோர்ட்டுக்குக் குறுக்கா சர்வ் போட்டவங்க பக்கமே வரும், நெட்ல நிக்கிறவங்க அதுல புகுந்து வெட்டுறதுதான் போச்சிங். சில சமயம் பாயவே மாட்டாங்க, சும்மா தோளை ஒரு ஆட்டு ஆட்டுவாங்க, அதுக்கே பதறி எதிர்ல இருக்கிறவங்க லைன் பக்கம் அடிச்சு வெளிய விட்டுடுவாங்க. ஸ்கோர்கார்டுல அது எரர், என்னைக் கேட்டா அது தோளை ஆட்டினவங்க பாயிண்ட்.

ஸ்கோர்ல ரெண்டு விஷயம் போதும். 40-40 வந்தா அட்வான்டேஜ் (தொடர்ந்து ரெண்டு பாயிண்ட் எடுத்தாதான் கேம்ங்கிற முறை) கிடையாது, ஒரே பாயிண்ட்ல கேம் முடிஞ்சுடும், யாரு ரிட்டர்ன் பண்றதுன்னு ரிசீவ் பண்ற டீம் முடிவு பண்ணும். செட் 1-1 ஆனா மூணாவது செட்டுக்கு பதிலா 10 பாயிண்ட் டைபிரேக், அதாவது மொதல்ல 10 பாயிண்ட் எடுக்கிறவங்களுக்கு மேட்ச், ஆனா ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வேணும். அந்த நேரத்துல டீ குடிக்கப் போயிடாதீங்க, வரதுக்குள்ள கை குலுக்கிட்டு இருப்பாங்க. (விம்பிள்டன், யூஎஸ் ஓபன் மாதிரி கிராண்ட்ஸ்லாம் போட்டிகள்ல இப்படி இல்ல, அங்க மூணாவது செட் முழுசா ஆடணும்.)

போறதுக்கு முன்னாடி 2022 சென்னை ஃபைனல் வீடியோ கிடைச்சா பாருங்க, கனடாவோட கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கி, பிரேசிலோட லூயிசா ஸ்டெஃபானி ஜோடி 6-1, 6-2ன்னு ஜெயிச்சது. 2021 யூஎஸ் ஓபன் செமிஃபைனல்ல இதே டப்ரோவ்ஸ்கி கூட ஆடிட்டு இருக்கும்போதுதான் ஸ்டெஃபானிக்கு முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சுது, ஒரு வருஷம் ஆட்டமே இல்ல, திரும்பி வந்த மொத டோர்னமென்ட்லயே நம்ம ஊர்ல கப்பு. சவுண்டை ஆஃப் பண்ணிட்டு ஒரு செட் முழுக்க ஸ்டெஃபானியை மட்டும் பாருங்க, கண்ணு பழகிடும்.

இன்னொண்ணு, மொத ரவுண்டு மேட்ச் வெளி கோர்ட்ல போட்டா சென்டர் கோர்ட் சீட்டை விட்டுட்டு அங்க ஓடுங்க, அவங்க ரெண்டு பேரும் வாயை பந்தால மறைச்சுக்கிட்டு பேசுறதை அவ்ளோ கிட்டத்துல வேற எங்கயும் பாக்க முடியாது.